வேட்டையில் விட்டுவைத்த வாசல்

என் அன்பு வேட்டைக்காரரே,

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்று முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். உங்களிடம் அதை எந்த வாயால் கேட்பது? அதை விடுங்கள். அங்கே சீனி போட்ட காப்பி கிடைக்கிறதா? கடைசி நாலு வருடம் உங்கள் கோப்பையில் சீனி விழாமல் காவல் காத்தவளே சொல்கிறேன், கிடைத்தால் வயிறாரக் குடியுங்கள்.

உங்கள் மூன்றாம் வருட நினைவுநாள் வருகிறது. பத்திரிகையில் படம் போட்டுக் கீழே நாலு வரி எழுதிவிடலாம் என்று நம் மகள் கயல் சொன்னாள். எல்லா வீட்டிலும் போடுகிற அதே நாலு வரிதான், பெயரை மட்டும் மாற்றிக்கொள்வார்கள். எனக்கு அது பத்தாது. ஞாயிறு பக்கத்துக்காரர்களிடம் வாதாடி இந்த இடத்தை வாங்கியிருக்கிறேன். நம் கல்யாணத்தைப் பற்றி ஊரெல்லாம் நான் சொல்லிவந்த பொய் ஒன்று இருக்கிறது. ஊரறியச் சொன்னதை ஊரறியத்தானே திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்?

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இவர் பெயர் மாணிக்கம். புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். உரிமம் உள்ள துப்பாக்கி ஒன்று வைத்திருந்தார். நட்டு வைத்த இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றி தோண்டிப் போட்டுவிட்டால், தோட்டத்து ஆபீஸிலிருந்து முதலில் இவரைத்தான் தேடி ஆள் வரும். நான் சாந்தா, இவருடைய மனைவி. பல்கலைக்கழகம் போகுமுன் ஆறாம் படிவத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கியம் எடுத்து ஓய்வு பெற்றவள். போதும், மற்றதெல்லாம் போகப் போகத் தெரியும்.

முதலில் இங்கத்துச் செய்தி. கோயில் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் வருடக் கடைசி விருந்துக்கு ஒரு நாடகம் போட்டுக் கொடுங்கள் டீச்சர் என்று வந்து நின்றார்கள். என் அலமாரியில் வேறென்ன இருக்கிறது? பாடத்தில் எடுத்து எடுத்து அட்டை கிழிந்துபோன அந்த நானூறு வருடத்து ஆங்கில நகைச்சுவையைத்தான் எடுத்தேன். காட்டுக்குள் ஓடிப்போகிறவர்களின் காதல் கதை, உங்களுக்குத் தெரியுமே. உட்கார்ந்து தமிழாக்கினேன். ஆங்கிலேயர் காடு செம்பனைத் தோட்டமாயிற்று. மானை மட்டும் மாற்ற முடியவில்லை. நம் பக்கத்தில் மான் ஏது டீச்சர், பன்றிதானே என்று பையன்கள் சிரித்தார்கள். தன்னைப் பன்றி என்று வர்ணித்தால் எந்தப் பெண்ணடா மேடையில் நிற்பாள் என்று கேட்டேன், அடங்கினார்கள்.

கயல்தான் கதாநாயகி. இப்போது இருபத்தொன்பது அவளுக்கு. ரவாங் தொழிற்சாலையில் அதே வேலைதான், தினமும் காரில் போய் வருகிறாள். வேலை முடிந்து வந்து வசனம் பாடம் பண்ணுகிறாள். உங்கள் குரல் அவளுக்கு. கடைசி வரிசை வரைக்கும் போகும்.

நாடகம் என்றதும் எனக்கு நம் அடுப்படி மேசை ஞாபகம் வந்துவிட்டது. நான் மறுநாள் பாடத்துக்குச் சிவப்புப் பேனாவால் கோடு போடுவேன், நீங்கள் எதிரில் உட்கார்ந்து துப்பாக்கிக் குழலுக்கு எண்ணெய் போடுவீர்கள். என்ன படிக்கிறாய், சொல்லேன் என்பீர்கள். சொல்வேன். இதில் காதலைப் பேசுகிறவர்கள் எல்லாரும் வேட்டைப் பேச்சுதான் பேசுகிறார்கள். அவள் மான், இவன் வேட்டைக்காரன். அவள் பார்த்தால் அம்பு. அடுத்த பேச்சிலேயே அம்பு பட்ட மான் இவன்தான், இவனுடைய ஆசைகளே நாயாக மாறி இவனைத் துரத்துகின்றன. நடுநடுவே வேட்டைக் கொம்பு ஊதுகிறார்கள், கூட்டம் சிரிக்கிறது. இத்தனையும் சொல்லி முடித்ததும் நீங்கள் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

"இந்தாளு வேட்டைக்கே போனதில்ல போலருக்கு டீச்சரம்மா. எல்லாம் சரி, வாசல் எங்க?"

இலக்கியத்தையும் பன்றியையும் முடிச்சுப் போடாதீர்கள் என்று உங்கள் வாயை அடைத்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டே எண்ணெய்த் துணியை மடித்து வைத்தீர்கள். அன்றைக்கே நான் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும்.

வாசல் என்றால் என்னவென்று ஊருக்குச் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு விடிந்ததும் நீங்களும் உங்கள் கூட்டாளி அர்ஜுனன் அண்ணனும் பத்துப் பேரோடும் நாய்களோடும் கிளம்புவீர்கள். பன்றி பதுங்கியிருக்கிற ஆளுயர லாலான் புல் புதரின் ஒரு பக்கம் துப்பாக்கி. இரண்டு பக்கம் ஆட்கள் பழைய பிஸ்கட் தகரத்தைத் தட்டிக்கொண்டு வருவார்கள். நாலாவது பக்கம், கால்வாய் ஓடுகிற பக்கம், காலியாக இருக்கும். அங்கே ஆளும் நிற்கக் கூடாது, நாயும் நிற்கக் கூடாது. அது அதனுடைய வாசல், அந்தப் பக்கம் போனால் போகட்டும் என்பீர்கள். சத்தத்துக்குப் பயந்து துப்பாக்கிப் பக்கம் ஓடி வருவதும் உண்டு, வாசல் வழியாகத் தப்பிப் போவதும் உண்டு. போனதைச் சுட்டவனை அடுத்த வாரம் கூட்டத்தில் சேர்க்க மாட்டீர்கள். ஒரு தடவை ஆசை தாங்காமல் அர்ஜுனன் அண்ணன் ஈட்டியோடு வாசலில் போய் நின்றார். பதினாலு தையல் தொடையில். இன்றைக்கும் ஒரு காலைச் சாய்த்துத்தான் நடக்கிறார்.

அந்த அண்ணனின் மகன் தினேஷைத் தெரியும்தானே உங்களுக்கு? சுங்கை பெசாரில் படகு எஞ்சின் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறான். நல்ல பையன், குடி கிடையாது, பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். அவனுக்குக் கயலைப் பிடித்துப்போய்விட்டது. அவளிடம் கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதை.

முடிய விடாதவள் நான். மனம் தளராதே தம்பி என்றேன். உன் அங்கிள் என்னை ஒரு வருடம் துரத்தித் துரத்தி வந்தார், நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கடைசியில் என் மனம் கரைந்தது என்று நம் கதையை எடுத்து விட்டேன். எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை பஸ் பயணத்தில் சொன்ன கதை! சொல்லிச் சொல்லி எனக்கே அது நிஜமாகிவிட்டது. பையன் கண் விரியக் கேட்டான்.

வெள்ளிக்கிழமை தோறும் மீனோடு வர ஆரம்பித்தான். நான் கெம்போங் மீனை வாங்கிக்கொண்டு கயலின் போக்குவரத்தைச் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை வேலை முடிய நேரமாகும், ரவாங் சந்திக்குப் பக்கத்துக் கடையில்தான் சாப்பிடுவாள் என்றேன். அங்கே போய் நின்றான். அவள் கடையை மாற்றிப் புக்கிட் ரோத்தானில் சாப்பிட ஆரம்பித்தாள். அதையும் சொன்னேன். அங்கேயும் வந்தான். பேச்சில் ஒரு குறை சொல்ல முடியாது, ஹலோ சொல்வான், நாலு மேசை தள்ளி உட்கார்ந்து தே தாரிக் குடிப்பான், போய்விடுவான். எட்டு மாதம் இப்படி. போதாக்குறைக்கு நாடகத்தில் காதலன் வேடத்தையும் அவனுக்கே கொடுத்தேன். மகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீச்சர் இல்லையா, யாருக்கு எந்த வேடம் என்று நான்தானே முடிவு பண்ண வேண்டும்?

பிறகு கயல் சனிக்கிழமை காலையில் தஞ்சோங் காராங் பக்கம் போகத் தொடங்கினாள். வயல் கால்வாய் ஓரம் ஒரு நாசி லெமாக் கடை, நாலே மேசை, அங்கே உட்கார்ந்தால் வசனம் நன்றாக மனதில் நிற்கிறது என்றாள். என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை நான் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். காரைப் பூட்டாமல் உள்ளே வந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அம்மா, தகரம் தட்டுனது நீதானா?"

கையில் மீனோடு நின்றேன். எனக்குப் புரியாதது போல் என்னம்மா என்று கேட்டேன். உங்களோடு சின்ன வயதில் லோரியில் சுற்றியவளுக்கு எல்லாம் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

"மூணு எடம் மாத்திட்டேன். மூணுலயும் வந்து ஒக்காந்திருக்கான். அவன் மேல கோவம் இல்லம்மா. எனக்கு ஒக்கார ஒரு எடமில்லாமப் பண்ணிட்டியே."

அறைக்குள் போய்விட்டாள். நான் அந்த மீனைக் குப்பையில் போட்டேன். வாழ்நாளில் நல்ல மீனைக் கொட்டியவள் இல்லை நான்.

இரண்டு நாள் எனக்குக் கோபமான கோபம். முதலில் அவள் மேல். பெற்றவளையா கேட்பாய், யாருக்காகச் செய்தேன் என்று தனியாகப் பொரிந்து தள்ளினேன். பிறகு உங்கள் மேல், இதற்கெல்லாம் நடுவில் விட்டுவிட்டுப் போய்விட்டீர்களே என்று. மூன்றாம் நாள் கோபம் சுற்றிச் சுற்றி வந்து சரியான ஆளிடம் சேர்ந்தது. அன்றைக்கு நாடகப் பிரதியை எடுத்து முதலிலிருந்து படித்தேன், டீச்சராக இல்லாமல் சும்மா ஒரு மனுஷியாக.

வாசல் இருக்கிறதுங்க. இத்தனை வருடம் கழித்து உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்தப் பெண் ஆண் வேடம் போட்டுக் காட்டில் நிற்கிறாள். அவளைத் தேடிப் புலம்பிக்கொண்டு வருகிறவனுக்கு அவள் யாரென்று தெரியவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மான், அம்பு, காயம் எல்லாவற்றையும் கேலி பண்ணியே அவனிடமிருந்து பிடுங்கிப் போடுகிறாள். ஓடினவன் நிற்கிறான். நின்ற ஆளைத் தீர யோசித்துப் பார்த்து, சரி என்று பட்ட பிறகு அவளே வேடத்தைக் கழற்றிவிட்டு நடந்து வருகிறாள். துரத்திப் பிடித்த கதையே இல்லை அது. வகுப்பு வகுப்பாக நான் சிவப்புக் கோடு போட்டதெல்லாம் முன்பாதியில். பின்பாதியில் அவள் நடந்து வருவதற்கு ஒரு கோடுகூட இல்லை. ஏன் போடவில்லை என்று எனக்குத் தெரியும். என் வண்டவாளம் அதில் இருந்தது.

சரி, இனி மறைக்க என்ன இருக்கிறது? அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கயலை அழைத்து உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் என்னை ஒரு வருடம் துரத்தவில்லை. மூன்று மாதம் என் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டாரில் வந்தீர்கள், அவ்வளவுதான். நான் அப்போது பயிற்சி ஆசிரியை. ஒருநாள் புக்கிட் ரோத்தான் பஸ் நிறுத்தத்தில் இறங்கி நேராக உங்களிடம் வந்து, இனிமேல் வராதீர்கள், எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். நீங்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, சரிங்க என்றீர்கள். மறுநாளிலிருந்து வரவில்லை. தோட்டத்துக்குப் போக வேறு சுற்றுப்பாதை பிடித்துவிட்டீர்கள் என்று பின்னால்தான் தெரியும். ஏழு மாதம் பஸ் ஜன்னலில் நான்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் இன்னும் ஒருநாள் வந்திருந்தால்கூட எனக்குப் பயம்தான் வந்திருக்கும். வராமல் இருந்ததில்தான் உங்களைப் பற்றி நினைக்க எனக்கு இடம் கிடைத்தது.

இந்த இடத்தில் கயல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, அப்புறம் என்றாள். அப்புறம் என்ன? ஒரு காலையில் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, நீங்கள் லோரியில் குலை ஏற்றுகிற இடத்துக்கே வந்தேன். நல்ல சேலை, அதன் கரையெல்லாம் சேறு. என்னைக் கட்டிக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். நீங்கள் குலை குத்திய கம்பியைக் கையில் பிடித்தபடி, வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள்.

"மண்டோர் பாத்துக்கிட்டு இருக்காருங்க. இந்தக் குலையெல்லாம் ஏத்திட்டுச் சொல்றேன்."

அத்தனை குலையையும் ஏற்றி முடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான அரைமணி நேரம் இன்னொன்று இல்லை. பிறகு கால்வாயில் கைகால் கழுவிக்கொண்டு வந்து, கட்டிக்கிறேன் என்றீர்கள். கேட்டுக் கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கடைசியில் என் மடியில் படுத்துக்கொண்டு அழுதாள். உங்களை நினைத்துத்தான்.

பெண்பிள்ளை போய்க் கேட்டாள் என்றால் அன்றைக்கு ஊர் என்ன பேசும்? அந்தப் பயத்தில்தான் கதையைத் திருப்பிப் போட்டேன். எல்லார் முன்னாலும் நான் பீற்றிக்கொள்ளும்போது நீங்கள் ஒரு தடவைகூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆமா, கொஞ்ச நஞ்ச ஓட்டமா என்று எனக்கு ஒத்து ஊதினீர்கள். ஒரே ஒரு தடவை தனியாகச் சொன்னீர்கள், நீ வந்து கேட்டதுதான் எனக்குப் பெருமை, அதை ஏன் மறைக்கிறாய் என்று. நான் சீறினேன். உங்கள் பெருமையை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கயலிடம் சொன்னது சுலபம். தினேஷிடம் சொல்ல வேண்டியிருந்ததே, அதைத்தான் தள்ளித் தள்ளிப் போட்டேன். ஒத்திகைக்கு முன்னால் அவனையும் அர்ஜுனன் அண்ணனையும் வீட்டுக்கு வரச்சொன்னேன். கயல் எங்கே போகிறாள் என்று இனி நான் சொல்ல மாட்டேன், நீயும் போய் நிற்கக் கூடாது என்றேன். அவன் மரியாதையாகத்தான் பதில் சொன்னான்.

"அங்கிள் ஒரு வருசம் தொரத்துனாருன்னு நீங்கதானே சொன்னீங்க ஆன்ட்டி. எனக்கு எட்டு மாசந்தானே ஆவுது."

அந்தப் பையன் முகத்தைப் பார்த்துச் சொல்வது ஊருக்கு எழுதுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. நான் சொன்னது பொய் தம்பி, வேண்டாம் என்றதும் அவர் நின்றுவிட்டார், நான்தான் போய்க் கேட்டேன் என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அப்படியானால் எனக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். அர்ஜுனன் அண்ணன்தான் மகனின் தோளில் கை வைத்தார்.

"வாசல்ல நின்னா என்னாவும்னு ஒங்கப்பன் கால பாத்தும் தெரியலையாடா?"

மறுவாரம் தினேஷ் கயலிடம் வந்து, தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனான். காதலன் வேடம் வேண்டாம், கோமாளி வேடம் கொடுங்கள் டீச்சர் என்று என்னிடம் கேட்டான். கொடுத்தேன். ஒத்திகையில் அவன் வாயைத் திறந்தாலே சிரிப்புதான். மீன் வருவது நின்றுவிட்டது, நானே சந்தையில் வாங்கிக்கொள்கிறேன்.

கயல் இன்னும் சனிக்கிழமை காலையில் வெளியே போகிறாள். எங்கே என்று நான் கேட்பதில்லை. நாக்கு நுனி வரை வரும், காப்பியைக் குடித்து விழுங்கிவிடுவேன். யாரையாவது மனதில் வைத்திருக்கிறாளா? யாரும் இல்லாமலே நிம்மதியாக இருக்கிறாளா? தெரியாது. போன வாரம் செருப்பை மாட்டிக்கொண்டே தானாக ஒன்று சொன்னாள்.

"யாரையாச்சும் புடிச்சா நானே போய்க் கேட்டுக்குவேன்மா. ஒன் பொண்ணுதானே."

எனக்கு நெஞ்சு திக்கென்றது, அதே நேரத்தில் நெஞ்சு நிமிர்ந்தும் போயிற்று. கேட்கட்டுங்க. என்னைவிட நன்றாகக் கேட்பாள்.

வருகிற சனிக்கிழமை சாயந்திரம் நாடகம். மேடையின் இடது பக்கம் யாரும் நிற்கக் கூடாது, நாற்காலிகூடப் போடக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். கடைசிக் காட்சியில் கயல் அந்தப் பக்கமிருந்து நடந்து வருவாள். ஏன் டீச்சர் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது என்று கேட்டார்கள். இந்தக் கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

உங்களுக்கு ஒரு சத்தியம் பண்ணுகிறேன். இனி நம் கதையை யார் கேட்டாலும், எந்தக் கல்யாண வீட்டில் கேட்டாலும், நடந்தபடியே சொல்வேன். வேண்டாம் என்றதும் நின்றவர் என் வீட்டுக்காரர் என்று சொல்வேன். மண்டோரையும் விட மாட்டேன், சேற்றுச் சேலையையும் விட மாட்டேன். நம் மகள் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தப் பக்கம் போய் நிற்கவும் மாட்டேன்.

நான் வரும்போது நீங்கள் வழியில் வந்து நிற்க வேண்டாம். வேலை இருந்தால் முடித்துக்கொள்ளுங்கள். போன தடவை போலவே நானே தேடிக்கொண்டு வந்துவிடுவேன்.

உங்களிடம் முதலில் வந்து கேட்டவள்,
உங்கள் மனைவி,
சாந்தா